சீரியலைப் பற்றிச் சண்டை பிடிக்காமல் விவாதிப்பது எப்படி

எங்கள் பக்கம் கோயில் திருவிழா என்றாலும் சித்திரை வருடப் பிறப்பு என்றாலும் மேடையில் ஒரு பட்டிமன்றம் இருக்கும். தலைப்பு பெரும்பாலும் ஒரே அச்சு: குடும்பத்தைத் தாங்குவது ஆணா பெண்ணா, வீட்டு நிம்மதி கணவனாலா மனைவியாலா. பேச வருகிறவர் மனைவியைப் பற்றி இரண்டு பகிடி விடுவார். சனம் சிரிக்கும். நடுவர் கடைசியில் எழுந்து, இருவரும் வண்டியின் இரண்டு சில்லுகள் என்று தீர்ப்புச் சொல்லுவார். கதிரைகளை அடுக்கி வைக்கும்போது ஒருவருடைய மனசிலும் ஒன்றும் அசைந்திருக்காது. எனக்கு இது கனகாலமாக மனவருத்தம்.

நான் பாடசாலைப் பிள்ளைகளுக்கு விவாதம் பழக்குகிற தமிழ் ஆசிரியை. வீடு இலங்கையில், மட்டக்களப்பின் களுவாஞ்சிக்குடிப் பக்கம். ஆறு வருடமாக மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஸ்கூட்டியோடு குருமண்வெளித் துறையில் பாதையில் ஏறி, வாவியைக் கடந்து, மண்டூர்ப் பக்கம் ஒரு வாசிகசாலைக்குப் போகிறேன். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை. அங்கே சாதாரண தரம், உயர்தரம் படிக்கிற பிள்ளைகள், அவர்களின் அம்மாமார், வயல் வேலை முடித்து வரும் இரண்டு மூன்று இளம் குடும்பக்காரர், எழுபது தாண்டிய ஒரு பெத்தாச்சி எல்லாரும் பாயில் இருந்து வாதாடுவார்கள். பொருள் ஒன்றுதான்: சினிமாவிலும் சீரியலிலும் ஆணும் பெண்ணும் எப்படி வருகிறார்கள், நாங்கள் அப்படித்தானா. முதல் வருடம் பலதும் பிழைத்தது. பிறகு கைக்கு வந்த முறையை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் செய்து பார்க்கலாம்.

தலைப்பில் ஆணா பெண்ணா என்ற கேள்வியே வரக்கூடாது. அது வந்தவுடன் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம் சாய்ந்துவிடுவார்கள், பிறகு வாதம் இல்லை, இழுபறிதான். "சினிமா பெண்களை இழிவுபடுத்துகிறது" என்ற மாதிரித் தலைப்பும் சரிவராது. அகலம் கூடிவிட்டது, எதைப் பிடித்துப் பேசுவது? பார்த்து, எண்ணி, காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். நாங்கள் எடுத்த சில: "வேண்டாம் என்ற பெண்ணைத் துரத்தித் துரத்திச் சம்மதிக்க வைப்பதைக் காதல் என்று காட்டக்கூடாது." "சீரியல் மாமியார் எங்கள் ஊர் மாமி இல்லை." "ஆண் பெண் வேடம் போடுவது கூத்தில் சரி, சினிமாவில் பிழை."

கடைசித் தலைப்பைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு அது மிக நல்ல நாளாக அமைந்தது. வடமோடி, தென்மோடி என்ற எங்கள் இரண்டு வகைக் கூத்துகளிலும் பெண் பாத்திரத்தைப் பரம்பரையாக ஆண்கள்தான் ஆடி வந்தார்கள். சட்டம் கொடுக்கிற நாளில், அதாவது பாத்திரம் பங்கிடுகிற நாளில், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆளைப் பார்த்து, குரலைப் பார்த்து, நீ திரௌபதை என்று கொடுத்துவிடுவார். பகலில் வரம்பு கட்டிய மனிதர் இரவில் கூத்தாடும் களரியில் திரௌபதையாக நின்று பாடும்போது யாரும் சிரிப்பதில்லை, கண்ணைத் துடைப்பார்கள். அதே மனிதர் படத்தில் சேலையோடு வந்தால் அந்தச் சேலையே பகிடி. ஏன்? ஒரு பக்கத்தார் சொன்னார்கள்: கூத்தில் அவர் ஒரு பெண்ணின் துயரத்தைச் சுமக்கிறார், படத்தில் பெண்ணாகத் தெரிவதையே அவமானமாகக் காட்டுகிறார்கள், அந்தச் சிரிப்பு கடைசியில் போய் விழுவது திருநங்கைகளின் தலையில். மறுபக்கத்தார் விடவில்லை: உங்கள் கூத்து பெண் துயரத்தைப் பாடியது சரி, பெண்ணைக் களரியில் ஏற விட்டதா? இப்போது பெண்பிள்ளைகளும் ஆடுகிறார்கள், ஆனால் எத்தனை தலைமுறை வெளியே இருந்து பார்த்தார்கள்? இரண்டு பக்கமும் உண்மை. அப்படி இரண்டு பக்கமும் உண்மை இருக்கிற தலைப்புத்தான் வேண்டும்.

பக்கம் பிரிப்பதைச் சீட்டுப் போட்டுச் செய்யுங்கள். விருப்பத்துக்கு விட்டால் பெண்பிள்ளைகள் எல்லாம் ஒரு பக்கம் போய் நிற்பார்கள். எங்கள் ஊர்களில் முன்பு கொம்புமுறி என்று ஒரு விளையாட்டு இருந்தது, இப்போதும் அங்கங்கே எடுக்கிறார்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. இரண்டு கொம்புகளைக் கொளுவிக் கயிறு கட்டி இழுப்பார்கள். கண்ணகிக்காகக் கயிறு பிடித்து இழுத்தவர்களும் ஆண்கள்தானே! இதைச் சொன்னால் எந்தப் பொடியனும் பெண் பக்கம் பேசக் கூச்சப்பட மாட்டான். சீட்டில் வந்த பக்கத்துக்காக முழு மூச்சோடு வாதாடுகிறபோது, தான் ஒருநாளும் நினைத்துப் பார்க்காத ஒன்றை ஒருவர் தன் வாயாலேயே சொல்லிவிடுவார். நான் இந்த வேலையைச் செய்வதே அந்த நொடிக்காகத்தான்.

ஆதாரம் சேர்க்க ஒரு கொப்பி போதும். ஒரு சீரியலின் ஒரே ஒரு நாள் பகுதியை எல்லாரும் சேர்ந்து இருந்து பாருங்கள். தாளில் ஆள் ஆளாகப் பெயர் எழுதி, எதிரே குறியுங்கள்: இவருக்கு என்ன தொழில், அந்தத் தொழிலைச் செய்வதைக் காட்டினார்களா, யார் முடிவெடுத்தார், யார் அழுதார், யார் யாருக்குக் கைநீட்டினார், கைநீட்டியவர் வருந்தினாரா. நல்லதா கெட்டதா என்று அந்த நேரத்தில் யாரும் வாய் திறக்கக்கூடாது. எண்ணுவது மட்டும்.

முதல் தடவை இதைச் செய்த நாள் எனக்கு மறக்காது. நாங்கள் எல்லாம் குனிந்து எழுதிக்கொண்டிருக்க, பெத்தாச்சி வெற்றிலை இடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தா. திடீரென்று உலக்கையை நிறுத்திவிட்டுக் கேட்டா: "அந்த மனிசி என்னத்துக்குகா மகன்ட ஊட்டுல இரிக்கா? மகள்ட ஊட்டுல எல்லோ இரிக்கணும்!"

எல்லாரும் எழுதுவதை விட்டுவிட்டோம். தமிழ்நாட்டுச் சீரியலின் முழு அடித்தளமும் ஒரு பெண் கலியாணம் முடித்து மாமியார் வீட்டுக்குப் போவதில்தான் இருக்கிறது. அழுதுகொண்டு புறப்படுவாள், அங்கே அதிகாரமும் சாவியும் மாமியார் கையில், கதை ஓடும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வழக்கம் வேறு. குடி என்று நாங்கள் சொல்லும் வம்சம் தாய்வழி. வீட்டைப் பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்கிறோம், மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருகிறார். காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம் குடும்பங்களும் அப்படித்தான். வருடக்கணக்காக ஒவ்வொரு இரவும் நாங்கள் பார்த்து அழுதது எங்கள் வீட்டுக் கதையே இல்லை. அதைக் கண்டுபிடித்தது எழுத வாசிக்கத் தெரியாத ஒருவர். ஆகவே சொல்கிறேன், உங்கள் கூட்டத்தில் வயதான பெண்கள் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் திரை தெரியும், அவர்களுக்குத்தான் ஊர் தெரியும்.

இதைக் கேட்டவுடன் "எங்கள் ஊரில் பெண் ராணி" என்று எழுந்து பேச ஆள் வரும். அவசரப்படவேண்டாம் என்று மறுபக்கத்துக்கு நேரம் கொடுங்கள். வீட்டு உறுதிப் பத்திரம் பெண்ணின் பெயரில் இருந்தாலும் அதை அடகு வைக்கலாமா என்று சொல்வது யார்? குடி தாய்வழியாக வந்தாலும் அந்தக் குடிக்காகக் கோயில் நிர்வாகத்தில் வண்ணக்கராக நிற்பது ஆண்தானே? அக்கா தங்கைக்கு வீடு கட்டி முடிக்கும் வரைக்கும் தன் கலியாணத்தைத் தள்ளிப்போடும் அண்ணனின் பாரத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது? இந்தக் கேள்விகள் எல்லாம் அன்று பாயில் இருந்தவர்களிடமிருந்தே வந்தன. திரையை எங்கள் வீட்டோடு ஒப்பிட்டால்தான் வரும், வேறு வழியில் வராது.

படங்களுக்கு இரண்டு சின்னச் சோதனைகள் பழக்கி வைத்திருக்கிறேன். முதலாவது அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் அலிசன் பெக்டெல் 1985 இல் வரைந்த ஒரு சித்திரத்தில் வந்தது. தன் தோழி லிஸ் வாலஸ் சொன்னதையே வரைந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். படத்தில் இரண்டு பெண்களாவது இருக்கிறார்களா, ஒருவரோடொருவர் கதைக்கிறார்களா, அந்தக் கதை ஓர் ஆணைப் பற்றியது இல்லாமல் வேறு எதையாவது பற்றியதா? அவ்வளவுதான். அந்த இரண்டு பெண்களுக்கும் பெயர் இருக்க வேண்டும் என்பதைப் பின்னால் சிலர் சேர்த்தார்கள். எங்களுக்கு அந்தச் சேர்க்கை மிகவும் உதவும், ஏனென்றால் எத்தனையோ படத்தில் கதாநாயகனின் அம்மாவுக்குக் கடைசி வரை பெயரே கிடையாது. ஆனால் இந்தச் சோதனையைச் சீரியலுக்குப் போடாதீர்கள். சீரியலில் முழுக்கப் பெண்கள்தான் கதைக்கிறார்கள், சுலபமாகத் தேறிவிடும். அங்கே கேட்க வேண்டியது, இவள் எடுத்த முடிவு எதையாவது மாற்றியதா, அல்லது சகித்துக்கொண்டதற்குத்தான் பரிசு கிடைத்ததா என்று.

இரண்டாவது சோதனைக்குப் போன் போதும். சத்தத்தை அணைத்துவிட்டுக் கதாநாயகன் முதலில் வரும் காட்சியையும் கதாநாயகி முதலில் வரும் காட்சியையும் அடுத்தடுத்துப் போடுங்கள். கமெரா எந்த உறுப்பில் தொடங்கி எங்கே போகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஆணுக்குச் சப்பாத்து, முறுக்கிய கை, பிறகு முகம். பெண்ணுக்குக் கால் கொலுசு, இடுப்பு, பறக்கும் கூந்தல். பாட்டின் சத்தம் இருக்கும்போது இது கண்ணில் படுவதில்லை. கமெராவே ஓர் ஆணின் கண்ணாக நின்று பார்க்கிறது என்று லோரா மல்வி என்ற பிரித்தானிய அறிஞர் 1975 இல் எழுதினார். அந்தக் கட்டுரையை வாசிக்காத பிள்ளைக்கும் சத்தத்தை அணைத்தவுடன் அது புரிந்துவிடும். அம்மாமாரும் பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் ஒன்றாக இருந்து பார்க்கிறபடியால் காட்சியை முன்கூட்டித் தெரிவு செய்து வையுங்கள். இல்லாவிட்டால் கூச்சத்தில் எழுந்து போய்விடுவார்கள்.

ஆதாரத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கப் பழக்குவது முக்கியம். உயர்தர மாணவி ஒருத்தி பத்திரிகைத் துண்டுகள் ஒரு கட்டு வெட்டிக்கொண்டு வந்தாள். "குடும்பப் பெண் சடலமாக மீட்பு", "குடும்பப் பெண் விபத்தில் காயம்." பெண் என்றால் உடனே குடும்பம் என்று ஒட்டிவிடுகிறார்கள், குடும்ப ஆண் என்று எங்காவது எழுதுகிறார்களா என்று அழகாகக் கேட்டாள். எல்லாரும் தலையாட்டினார்கள். எதிர்ப்பக்கப் பொடியன் அதே பத்திரிகையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினான்: "இளம் குடும்பஸ்தர் பலி." அவளுக்கு முகம் வாடிவிட்டது. நான் அடுத்த கிழமை வரைக்கும் தவணை கொடுத்தேன். அவள் திரும்பி வந்தது இன்னும் கூர்மையான வாதத்தோடு. ஆணைக் குடும்பஸ்தர் என்று எழுதும் செய்தியிலும் பல இடத்தில் தொழில் வருகிறது, மீனவர், சாரதி, விவசாயி என்று. பெண்ணுக்கு அது வருவது குறைவு, அவள் வயலிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் வேலை செய்தாலும். தான் வெட்டிய துண்டுகளை எண்ணித்தான் சொன்னாள். முதல் வாரம் தோற்காவிட்டால் இரண்டாம் வாரத்து வாதம் அவளுக்குக் கிடைத்திருக்காது.

சில மறுப்புகள் எந்த ஊரிலும் வரும், ஆயத்தமாகப் போங்கள். "அது வெறும் படம்தானே" என்பார்கள். படம் பார்த்துத்தான் பொடியன்கள் கெட்டுப்போகிறார்கள் என்று பதில் சொல்லாதீர்கள், அதை உங்களால் நிரூபிக்க முடியாது. பார்ப்பது மனசில் ஒன்றும் செய்யாது என்றால் விளம்பரத்துக்கு ஏன் கோடிக்கணக்கில் கொட்டுகிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். கறுப்பாக இருந்தால் வேலையும் கிடைக்காது மாப்பிள்ளையும் கிடைக்காது என்று வருடக்கணக்காக விளம்பரம் போட்ட ஃபெயார் அண்ட் லவ்லி, சனம் எதிர்த்துக் கதைத்துக் கதைத்து 2020 இல் பெயரையே மாற்றியது. வெறும் கதைதான், ஆனால் கதைத்ததால் ஒன்று நடந்தது.

"பெண்களே தானே சீரியல் பார்க்கிறார்கள்" என்பது அடுத்தது. ஓம், பார்க்கிறார்கள். பகல் முழுக்க வேலை செய்துவிட்டு இரவு அரை மணித்தியாலம் உட்காருகிறவரைக் குற்றவாளியாக்கி ஒரு வாதமும் வெல்லாது. "இந்த நாட்டில் பெண்களுக்கு என்ன குறை" என்றால் இரண்டு கணக்கையும் வையுங்கள்: 1931 இலேயே ஆண்களோடு சேர்த்துப் பெண்களுக்கும் வாக்குரிமை, 1960 இல் உலகத்தின் முதல் பெண் பிரதமர். அதே நாட்டில் 225 பேர் இருக்கும் பாராளுமன்றத்தில் 2024 தேர்தலுக்குப் பிறகும் பெண்கள் பத்தில் ஒரு பங்கை எட்டவில்லை. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கிச் சட்டம் வந்து, 2018 தேர்தலில்தான் முதன்முறையாக அது நடைமுறைக்கு வந்தது.

"எங்கள் கலாசாரம்" என்று ஒருவர் தொடங்கினால் எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சிதான். கற்பு, பொறுமை, கண்ணகி என்று அடுக்குவார். வைகாசியில் எங்கள் அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும்போது படிப்பது என்ன? கண்ணகி வழக்குரை. வழக்கு உரைத்தவள் என்றுதான் இந்த மண் அவளைக் கும்பிடுகிறது. அரசன் முன்னால் தலைவிரி கோலமாகப் போய், ஆதாரமாகச் சிலம்பை உடைத்துக் காட்டி, தீர்ப்புப் பிழை என்று நிரூபித்த ஒரு பெண்ணை வைத்து, பெண் வாய் திறக்கக்கூடாது என்று எப்படி வாதாடுவது?

இதை நான் ஆத்திரத்தோடு சொல்ல ஒரு காரணம் உண்டு. ஒரு போட்டியில் என் மாணவி மிக நன்றாகப் பேசியும் புள்ளி குறைத்தார்கள். ஏன் என்று கேட்டபோது, பெண்பிள்ளை இவ்வளவு உரத்துப் பேசினால் கேட்க நன்றாக இல்லை என்றார் நடுவர். அதே மேடையில் அவளை விட உரத்துப் பேசிய பொடியனுக்குக் கம்பீரம் என்று எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து என் புள்ளித் தாளில் குரலுக்கு இடமில்லை. ஆதாரம், எதிர்த்தரப்புக்குக் கொடுத்த பதில், நேரம், மொழி. இவ்வளவுதான். நடுவர் தாளை முன்கூட்டியே எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பேசாமல் இருக்கும் பெண்களை எழுப்பிப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். முதல் பத்து நிமிடம் இரண்டு இரண்டு பேராகக் கதைக்க விடுங்கள், பிறகு பக்கத்தில் இருந்தவர் சொன்னதைச் சபைக்குச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்தவர் சொன்னதைச் சொல்ல யாருக்கும் பயமில்லை. சபையில் இருப்பவரின் வீட்டுக் கதையை இன்னொருவர் உதாரணமாக எடுப்பதற்கு மட்டும் கண்டிப்பாகத் தடை. எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் ஒரு பெண் தன் வீட்டில் நடக்கும் அடியைச் சொல்லத் தொடங்குவார். அந்த நொடியே விவாதத்தை நிறுத்துங்கள். தேத்தண்ணீர் என்று சொல்லிச் சபையைக் கலைத்து, அவரோடு தனியாக இருங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அதை வாசிகசாலைச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

ஆண்பிள்ளைகளுக்கும் இந்தச் சபை சொந்தம் என்று அவர்கள் உணர வேண்டும். பதினோராம் ஆண்டுப் பொடியன் ஒருவன், அம்மா குவைத்தில். கதாநாயகர்களைப் பற்றிய விவாதத்துக்கு முதல் நாள் என்னிடம் தனியாக வந்து கேட்டான்: "டீச்சர், நான்தான் காலையில சோறு கறி ஆக்கித் தங்கச்சிக்குத் தலை பின்னி அனுப்புறன். அதை எங்கட பக்கத்துக்கு ஒரு விஷயமா எடுக்கலாமா? சிரிக்க மாட்டாங்களா?" சொந்த வீட்டுக் கதையைத் தானே விரும்பிச் சொன்னால் தடையில்லை என்றேன். மறுநாள் எழுந்தான். பத்துப் பேரை ஒரே அடியில் வீழ்த்துகிற ஆணை நூறு படத்தில் பார்த்திருக்கிறேன், ஈரத் தலையில் சிக்கெடுக்கிற அண்ணனை ஒரு படத்திலும் பார்க்கவில்லை என்றான். மூன்றாகப் பிரித்துப் பின்னுவதை விரலால் காற்றில் செய்து காட்டினான். யாரும் சிரிக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் இருந்த இளம் தகப்பன் தன் நேரத்தை விட்டுக்கொடுத்தார்.

வெற்றி தோல்வியை அறிவித்துவிட்டு உடனே கலையாதீர்கள். ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து, எதிர்ப்பக்கம் சொன்னதில் உங்களால் பதில் சொல்ல முடியாத ஒன்றை எழுதுங்கள் என்று கேளுங்கள். பெயர் வேண்டாம். அடுத்த தலைப்பு அந்தத் துண்டுகளிலிருந்துதான் வர வேண்டும். இருட்டுமுன் பாதை பிடிக்க வேண்டும் என்பதால் அன்று நான் அவசரமாகத் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். எழுதத் தெரியாத பெத்தாச்சி படலை வரைக்கும் வந்து கையைப் பிடித்துக்கொண்டா. "அந்தப் பொடியன் தலை பின்னுற கதைய டிவியில போடச் சொல்லுகா. நான் பாப்பன்."

துறையில் மிதவை வரும்வரை காத்திருந்தபோது அதையும் ஒரு துண்டில் எழுதி மற்றவைகளோடு சேர்த்தேன்.